பல்செட்டாரும் பாறையின் இடது ஓரமும்

பல்செட்டாருக்கு மனிதர்களைப் பிடிக்காது. அதை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை. பற்களைப் பிடிக்கும்; அவை போயும் போயும் மனிதர்களின் வாயில் இருந்து தொலைக்கிறதே என்பதுதான் வருத்தம். முப்பத்தோரு வருஷமாக ஒரு டென்டல் லேபில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மெழுகிலும் பீங்கான் தூளிலும் பொய்ப்பல் செய்துகொண்டிருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் இவருடைய கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். நன்றி முழுக்க டாக்டருக்குப் போகிறது. பொய்ப்பல்லில் செய்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை. பொறிக்க இடமும் இல்லை. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம்வரை அவர் அளந்து பார்த்துவிட்டார்.

எனவே இது, தன் பெயரை உலகத்தில் ஏதாவது ஒரு பொருளின் மேல் எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்ட வரலாறு. பெரிய மனிதர்களுக்கு இந்த ஆசை வந்தால் ஊர் முழுக்கச் சிலை வந்துவிடும். சின்ன மனிதர்களுக்கு வந்தால் வீட்டில் சண்டை வரும்.

கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் காரணம். லேபுக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண்ணோடு காபி குடிக்கப் போனார். அவள் எதற்கோ சிரித்தாள். மேல்வரிசையில் இடது பக்கத்து இரண்டாவது பல் கட்டினது என்றும், நிறம் ஒரு படி வெளுப்பு என்றும், தான் செய்திருந்தால் அப்படி விட்டிருக்கமாட்டேன் என்றும் சொன்னார். அவருக்குத் தெரிந்தவரையில் அது காதல் வசனம். அவள் காபியை முடிக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய வருஷம் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட காலோடு கிடந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தவரின் வாயை அடைக்க, அவருடைய அக்கா ஒரு பெட்டி பொம்மைக் கட்டை வாங்கிவந்து போட்டாள். ஒன்றின்மேல் ஒன்று சொருகி வீடும் வண்டியும் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டை. பெட்டியின் மேல் ஒரு கோட்டைப் படம். கோட்டை இவருக்குப் பிடிக்கவில்லை. அதன் ஜன்னல்களில் மனிதர்கள் இருந்தார்கள். கோட்டைக்குக் கீழே இருந்த பாறையை மட்டும் கட்டினார். பிடித்துப்போயிற்று. பாறையில் யாரும் குடியிருக்கவில்லை.

பாறை கட்டுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் கட்டிப் பார்க்கலாம். கோட்டைக்குப் பெட்டியோடு ஒரு புத்தகம் வரும். அதைப் பார்த்துக் கட்டப் புத்தி தேவையில்லை. பாறைக்குப் புத்தகம் கிடையாது. சரிவுக் கட்டைகளை ஒரே திசையில் மூன்றுக்கு மேல் வைத்தால் பாறை படிக்கட்டாகிவிடும். நேராக அடுக்கினால் மதில்சுவர். சில கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், சிலவற்றைத் தலைகீழாகச் சொருக வேண்டும். கட்டையின் தலையில் இருக்கும் குமிழ் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அது பாறை இல்லை, பொம்மை. தண்ணீர் கசியும் வெடிப்பில் துருநிறம், வெயில் படாத இடத்தில் கரும்பச்சைப் பாசி, அலை அறையும் அடிவாரத்தில் கறுப்பு. சாம்பல் நிறத்திலேயே இரண்டு உண்டு: பழைய சாம்பல், நீலம் ஓடிய புதுச் சாம்பல். பல்லின் நிறம் பார்க்கும் பதினாறு மாதிரிப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு பழகிய கண் அது; எட்டடி தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்துவிடுவார். யாராவது கலந்து கட்டினால் அவர்களோடு ஒரு மாதம் பேசமாட்டார். கட்டைச் சங்கத்து உறுப்பினர்கள் அந்த ஒரு மாதத்துக்காகவே சில சமயம் கலந்து கட்டினார்கள் என்று கேள்வி.

சங்கம் என்றால் பன்னிரண்டு பேர். செயலாளர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சண்டையிலும் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார், எந்த மாடியிலும் நிற்கமாட்டார். வருஷத்துக்கு ஒரு கண்காட்சி. அதில் பன்னிரண்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு ஒரே நீளமான கடற்கரைப் பாறையாக ஆக்குவார்கள். ஆளுக்கு ஒரு மேஜை. பசை ஒட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர்கள் இருவரும் கூடி உட்கார்ந்து, தங்கள் பாறைகள் சேரும் ஓரத்தின் மேடு பள்ளத்தை ஓர் அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர அட்டை என்று பெயர். அதை வைத்து இருவரும் கட்டினால் மேஜைகளை நெருக்கும்போது பாறை ஒன்றாகிவிடும். ஓரம் சேராத மேஜையைச் சங்கம் மதிக்காது.

இந்த வருஷம் செயலாளர் ஒரு செய்தி சொன்னார். புதிதாகத் திறக்கப்போகும் நூலகத்தின் வாசலில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி வருகிறது. அடுத்தடுத்த இரண்டு மேஜைகள் அதில் நிரந்தரமாக நிற்கும். எந்த இரண்டு என்றால், ஓரம் மிக நன்றாகச் சேர்ந்த இரண்டு. கீழே பித்தளைத் தகடு. தகட்டில் ஒரே ஒரு பெயர்தான். சங்கத்தின் பழைய விதிப்படி, யார் வெட்டிய ஓர அட்டையோ அவர் பெயர்.

பித்தளைத் தகடு என்ற சொல்லைக் கேட்டதும் பல்செட்டார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். அவருக்கு எட்டாம் மேஜை. இடது பக்கத்தில், ஏழாம் மேஜையில், அத்தான்.

அத்தான் யாரென்று சொல்லிவிட வேண்டும். அக்காவின் கணவர். ரயில்வேயில் சுரங்கப்பாதை சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மலைகளின் வயிற்றுக்குள் குடியிருந்ததால், பாறை எப்படிப் படுத்திருக்கும், எந்தப் பக்கம் சாயும், எங்கே பிளக்கும் என்பதெல்லாம் தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கையில் தவறில்லை என்பதுதான் பல்செட்டாருக்கு ஆகாத விஷயம். ஒரே வீடு, மேல்மாடியில் அத்தானும் அக்காவும், கீழே இவர். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு வாக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பல்செட்டார் நாலு மாதம் பாடுபட்டுக் கட்டிய முதல் பெரிய பாறையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூடியிருந்த துணியை எடுத்தார். அத்தான் குனிந்து, எல்லாப் பக்கமும் பார்த்து, "கேக் நல்லா வந்திருக்கு மச்சான்" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அந்த வாக்கியம் வெளியே வந்த பற்கள், மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும், இவர் செய்தவை. அத்தானுக்கு 'க' சரியாக வரவேண்டும் என்று மூன்று முறை திருத்திக் கொடுத்தது இவர்தான்.

அதற்குப் பழிக்குப் பழியாக, அத்தானும் கட்டை வாங்கிப் பாறை கட்ட ஆரம்பித்துச் சங்கத்தில் சேர்ந்ததும் பல்செட்டார் ஒரு வாக்கியம் சொன்னார்: அத்தானின் பாறை பாறை மாதிரித்தான் இருக்கிறது, செத்துப்போன பாறை. அதன் பிறகு மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவில் அக்கா மட்டுமே போக்குவரத்து.

அக்கா, பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குத் துணி வெட்டுகிறவள். அவளிடம் ஓர அட்டைத் தூது வந்து சேர்ந்தது.

கூடி உட்கார்ந்து வெட்ட வேண்டிய அட்டையை இருவரும் தனித்தனியாக வெட்டினார்கள். பல்செட்டார் வெட்டியதில் பாறை மேலே முன்னால் துருத்திக்கொண்டு கடலைப் பார்த்து நின்றது. அத்தான் வெட்டியதில் பாறை பின்வாங்கி, அடுக்கடுக்காகச் சாய்ந்து இறங்கியது. அக்கா ஒன்றை மேலே கொண்டுபோனாள், மற்றதைக் கீழே கொண்டுவந்தாள். மேலே போனது, 'பாறை இப்படி நிற்காது, விழும்' என்ற குறிப்போடு திரும்பியது. கீழே வந்தது, 'பாறை இப்படி நிற்கும், யாரும் பார்க்கமாட்டார்கள்' என்ற குறிப்போடு ஏறியது. மூன்றாம் நாள் குறிப்புகளில் பாறை மறைந்துபோய், பரம்பரை பற்றிய செய்திகள் இடம்பெற்றன. தங்கள் பரம்பரையைப் பற்றி அத்தான் என்ன எழுதியிருக்கிறார் என்பதை அக்கா படியிறங்கும்போதே படித்துக்கொண்டாள். அவளுடைய பரம்பரையும் அதுதானே.

இரண்டாவது வாரம் ஒரு நாள் அவள் கீழே வந்து ஒரு புது அட்டையைப் பல்செட்டாரின் முன்னால் வைத்தாள்.

"அவர் ஒத்துக்கிட்டார்டா. நீ குடுத்த அட்டைதான். முன்னால துருத்துறத மட்டும் கொஞ்சம் சீவியிருக்கார். கட்டு."

பல்செட்டார் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சமல்ல, நன்றாகவே சீவியிருந்தது. ஆனாலும் பெருந்தன்மையோடு மன்னித்தார். தோற்றவர் கடைசியாக ஒரு முறை முறுக்கிக்கொள்ளத்தான் செய்வார், அதற்கெல்லாம் இடம் கொடுத்தால்தான் வெற்றி ருசிக்கும் என்று அக்காவிடம் விளக்கினார். அன்றிலிருந்து இரண்டு மாதம், ஆறு வருஷத்தில் இல்லாத உற்சாகத்தோடு கட்டினார். மேல்மாடியிலிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. அத்தானும் உற்சாகமாக இருக்கிறார் என்பது அவருக்கு விநோதமாகப் பட்டது. தோல்வி சிலருக்குப் பொருந்திப்போகும் என்று முடிவு செய்தார்.

கண்காட்சி நாள் காலை மேஜைகளை நெருக்கினார்கள். ஏழும் எட்டும் சேர்ந்த இடத்தில் செயலாளர் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். நகம் எங்கேயும் மாட்டவில்லை. அத்தானின் அடுக்குகள் சாய்ந்து வந்து பல்செட்டாரின் துருநிற வெடிப்பில் நுழைந்து அப்படியே தொடர்ந்தன. இந்தப் பக்கத்து உயிர் அந்தப் பக்கத்துப் பாறைக்கும் ஏறியிருந்தது. அந்தப் பக்கத்து நிதானம் இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது. பார்த்தவர்கள் பேசவில்லை. கட்டைச் சங்கத்தில் அதற்கு மேல் மரியாதை கிடையாது.

"யார் அட்டை?" என்றார் செயலாளர், தகட்டுக்கான தாளை எடுத்தபடி.

"என்னுது" என்றார்கள் இருவரும். ஆறு வருஷத்தில் முதல்முறையாகச் சேர்ந்து பேசிய சொல்.

அதன் பிறகு பேசியவை அவ்வளவு சுருக்கமாக இல்லை. ஒத்துக்கொண்டு இறங்கி வந்தது நீ என்றார் ஒருவர். இறங்கி வர நான் என்ன மேல்மாடியிலா குடியிருக்கிறேன் என்றார் மற்றவர். செயலாளர் அட்டைகளைக் காட்டச் சொன்னார். இருவரும் கையோடு வைத்திருந்தார்கள், சாட்சியாக. செயலாளர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். ஒரே வெட்டு, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே தரம் கத்தரித்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் நீலப் பென்சிலால், ஒன்றில் 'முன் இடது 42' என்றும், மற்றதில் 'முன் வலது 42' என்றும் எழுதியிருந்தது.

"நாப்பத்திரண்டு என் சட்டை அளவாச்சே" என்றார் செயலாளர்.

எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்கள். இருபது வருஷத்துக் கைப்பழக்கம். அட்டையை வெட்டினால் பின்னால் எழுதாமல் இருக்க அவளால் முடிந்ததில்லை.

"ஆமா, நான்தான் வெட்டினேன்" என்றாள் அக்கா. "இவங்க ரெண்டு பேர் அட்டையும் குப்பைக்கூடைக்குப் போயாச்சு. பதினாலு தடவ மாடி ஏறி இறங்கியிருக்கேன், முழங்கால் என்னுது. ஒரு சட்டையோட ரெண்டு முன்பக்கமும் சேரணும்னா ஒரே கத்தரிதான் வெட்டணும். இதுக்கு ஒரு சங்கமா?"

விதி விதிதான், தகட்டில் பெயர் அக்காவுடையது என்றார் செயலாளர். தான் ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை, காலில் குத்திய கட்டைகளைத் தவிர என்று அக்கா மறுத்தாள். அப்படியானால் யாருக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, செயலாளர் வழக்கப்படி வேறு மாடிக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் அக்கா மகாராணி. அத்தான் கல்யாணம் ஆனதிலிருந்து முதல்தடவையாக டீ போட்டார். டீத்தூள் போட மறந்துவிட்டார். பல்செட்டார், அவள் கேட்காமலே, ஒழுகாத குழாயைச் சரிசெய்தார். அதன் பிறகு அது ஒழுகியது. அத்தான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசல்வரை போனார். பல்செட்டார் மாலையில் போய் அதே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் வாங்கிக் குவித்த பழங்களைப் பார்த்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா கீழே வந்தாள். பல்செட்டார் சாம்பல் கட்டைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

ரெண்டு பேர் பெயரையும் போடச் சொல்லி எழுதிக்கொடுத்தால் செயலாளர் எப்படியாவது நூலகத்தில் பேசிக்கொள்வார் என்றாள். அத்தானிடம் கேட்டாகிவிட்டது, அவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

பல்செட்டார் டப்பாவைப் பார்த்தபடியே, "யார் பேர் முதல்ல?" என்றார்.

"வயசுல மூத்தவர் பேர்."

"அப்ப வேணாம்."

அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தையல் தெரிந்தவர்களுக்கு எங்கே துணி தாங்காது என்று தெரியும்.

"உன் பேர் ஒண்ண மட்டும் போட்டா அவர் சும்மா இருக்கமாட்டார்டா. தன் மேஜையத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டார். உன் பாதி மட்டும்தான் நிக்கும்."

"அவர் பேர் ஒண்ண மட்டும் போட்டா நானும் தூக்கிட்டுப் போவேன்."

"தெரியும். அதான் கேக்கறேன்." அவள் குரல் இறங்கியது. "அவருக்காவது ஒரு சுரங்க வாசல்ல, கல்லுல, பதினேழாவதா பேர் இருக்கு. நான் போய்ப் பாத்திருக்கேன். உனக்கு எங்கயும் இல்ல. சொல்லு, போடட்டுமா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பல்செட்டாரும் அறிவார். முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர் வாயில் பெயரில்லாமல் இருந்த மனிதர், கையில் இருந்த பழைய சாம்பல் கட்டையைப் புதுச் சாம்பல் டப்பாவில் போட்டுவிட்டு, அதைக் கவனிக்காமல், "போடு" என்றார்.

அக்கா அவருடைய மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் ஒரு தள்ளுவண்டியோடு வந்து ஏழாம் மேஜையை ஏற்றிக்கொண்டு போனார். தடுத்த செயலாளரிடம், செத்துப்போன பாறை நூலகத்துக்கு எதற்கு என்று மட்டும் கேட்டார். ஆறு வருஷம் அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

நூலகத்தில் திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டி தயார், தகடு தயார். இருப்பதை வையுங்கள் என்றார் நூலகத்து அதிகாரி. வைத்தார்கள். வைத்த பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

பொம்மைக் கட்டைப் பாறைக்கு உள்ளே யாரும் சாம்பல் கட்டையை வீணாக்குவதில்லை. வெளியே தெரியும் ஒரு விரற்கடைத் தோல்தான் பாறை. உள்ளே முட்டுக்கொடுக்க, கையில் கிடைத்த வேண்டாத நிறங்கள். சிவப்பு, மஞ்சள், ரோஸ். ஒரு பொம்மைக் கோட்டையின் கதவு; அதன் ஜன்னலில் கையை ஆட்டியபடி ஒரு சேவகன். நடுவில் பெரிய பொந்து. வலது ஓரத்தை நூலகச் சுவர் மறைத்துக்கொண்டது. பக்கத்து மேஜை வந்து சேர்ந்து மூடிவிடும் என்ற தைரியத்தில் விட்டிருந்த இடது ஓரம் அப்படியே வாய்பிளந்து நின்றது. அதை மூடிக் கட்ட இரண்டு வாரம் வேண்டும். அக்கா ஒரு சாம்பல் துணியை அளவாக வெட்டித் தைத்துப் போர்த்தித் தருகிறேன் என்றாள். பாறைக்குப் பாவாடையா என்று பல்செட்டார் சீறினார். அதற்குள் கண்ணாடியை மூடித் திருகாணி முடுக்கிவிட்டார்கள். இனி ஒரு வருஷத்துக்குத் திறப்பதில்லை என்பது நூலகத்தின் விதி.

நூலகம் திறந்தது. ஜனங்கள் வந்தார்கள். முன்பக்கத்தில் நின்று பாறையைப் பார்த்தவர்கள், நிஜக் கல்லா என்று ஒரு விநாடி சந்தேகப்பட்டார்கள். வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த விநாடி அது. பிறகு அவர்கள் இடது பக்கம் நகர்ந்தார்கள். அங்கே நின்று சிரித்தார்கள். குழந்தைகள் முன்பக்கத்துக்கு வருவதே இல்லை. அந்தச் சேவகனுக்குப் பதிலுக்குக் கையை ஆட்டின. சிரித்து முடித்தவர்கள் குனிந்து தகட்டைப் படித்தார்கள். பெயர் பெரிதாக, தெளிவாக, பளபளப்பாக இருந்தது.

இப்போது லேப் விடுமுறை நாட்களில் பல்செட்டாரைப் பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். திறக்கும்போது வருகிறார், சாத்தும்போது போகிறார். பெட்டியின் இடது பக்கத்தில், கண்ணாடியில் முதுகை ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அகலமான மனிதர், பொந்தை ஏறக்குறைய முழுக்க மறைத்துவிடுகிறார். அங்கிருந்து பார்த்தால் தகடு தெரியாது.

போன வாரம் ஒரு குடும்பம் அவரைச் சுற்றிச் சுற்றி எட்டிப் பார்த்துவிட்டு நூலக ஊழியரிடம் முறையிட்டது. ஊழியர் வந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்தப் பக்கம் பாக்கணும்ங்கறாங்க."

"அந்தப் பக்கம் பாக்க ஒண்ணும் இல்ல" என்றார் பல்செட்டார். நகரவில்லை.